கத்திரி வெயிலைத் தாண்டிய பிறகு மீன்: வேலூரில் ஒரு கடல்மீன் தொட்டி

வேலூரில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டால் மூன்று விஷயங்களுக்கு முதலில் வழி பார்த்துவிட வேண்டும்: வெயில், கரண்ட், தண்ணீர். மே மாதத்தில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. பராமரிப்பு என்று காலையில் நிறுத்தும் கரண்ட் சில நாள் சாயங்காலம்தான் வரும். போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். இந்த மூன்றுக்கும் வழி தெரிந்த பிறகுதான் எந்த மீன் என்று யோசிக்க ஆரம்பித்தேன். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மூன்றடித் தொட்டி அந்த வரிசையில்தான் உருவானது. ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் யாராவது இதே யோசனையில் இருந்தால் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

நன்னீர் மீன் பல வருஷமாக வளர்க்கிறேன். கடல்மீன் என்றதும் அம்மா கேட்டார்: "ஆத்துலயே தண்ணி இல்லாத ஊருல கடல் தண்ணிய எங்கடா கொண்டாருவ?" நியாயமான கேள்வி. சென்னையிலிருந்து கேனில் கொண்டுவரலாம்தான். ஆனால் கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் படகு எண்ணெயும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று நம்மால் அளக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும் என்ற உறுதியும் இல்லை. சுத்தமான தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து வீட்டிலேயே செய்துகொள்வதுதான் நிம்மதி. சமையல் கல் உப்பு இதற்கு ஆகாது. கடல் நீரில் சோடியமும் குளோரைடும் போக லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்சியம், 1,300 மில்லிகிராம் மெக்னீசியம், இன்னும் பொட்டாசியம், கார்பனேட் எல்லாம் இருக்கின்றன. மீன்தொட்டிக்கென்றே விற்கும் கலவையில் இவை சேர்ந்தே வரும்.

நன்னீர் மீனுக்கும் கடல்மீனுக்கும் உடம்புக்குள்ளேயே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். அது நிறைய சிறுநீராக வெளியேற்றும். கடல்மீனுக்கு நேர் எதிர். சுற்றியிருக்கும் உப்பு உடம்புத் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டே இருப்பதால் அது ஓயாமல் கடல் நீரைக் குடித்து, அதிகப்படியான உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. அதாவது நாம் கலந்து வைக்கும் தண்ணீர் அதன் குடிநீர். அதில் செம்பு கலந்திருந்தாலும் அமோனியா இருந்தாலும் நேராக உள்ளே போகும். போதாததற்கு, உப்பு நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால், கடல் நீர் 7-ஐக்கூட எட்டாது. சூடு ஏற ஏற அதுவும் இறங்கும். கடல் பெரியது, அதில் சூடும் உப்பும் மெல்லத்தான் மாறும். நம் தொட்டியில் ஒரே மதியத்தில் மாறிவிடும். கடல்மீன் 'நோஞ்சான்' என்ற பேர் வாங்கியதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே இரண்டடியில், மேலிருந்து இறங்கும் தண்ணீர் சேர்ந்து மோட்டாரால் மறுபடி மேலே ஏறும் சம்ப் தொட்டி ஒன்று. இரண்டிலும் சேர்த்து ஓடும் தண்ணீர் 170 லிட்டர். முதல் தொட்டிதானே, சின்னதாக ஆரம்பிக்கலாம் என்று தோன்றும். கடல்மீனில் சின்னத் தொட்டிதான் கஷ்டம். தண்ணீர் குறைவாக இருந்தால் எல்லாமே வேகமாக மாறும். கண்ணாடிக் கடை பாய் நல்ல அனுபவஸ்தர். "தம்பி, சும்மா மூணடி டேங்குன்னா எட்டு எம்எம் போதும். ஓட்டை போடப்போறேங்கிற, பத்து எம்எம்மா வாங்கிக்க. டஃபன் கண்ணாடி மட்டும் கேக்காத, டிரில் வச்ச உடனே பொடிப்பொடியா போயிரும்" என்றார். ஒட்டுவதற்கு முன்பே பின்பக்கக் கண்ணாடியில் மூன்று ஓட்டை போட்டுக் கொடுத்தார்: தண்ணீர் கீழே இறங்க ஒன்று, அது அடைத்துக்கொண்டால் அவசரத்துக்கு ஒன்று, மோட்டாரிலிருந்து மேலே ஏற ஒன்று. சிலிக்கான் வாங்கும்போது பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். பாத்ரூமுக்கென்று விற்பதில் அந்த மருந்து இருக்கும்.

தண்ணீர், கண்ணாடி, மணல், பாறை, சம்ப் எல்லாம் சேர்த்து 250 கிலோவுக்கு மேல் வரும். இரும்பு ஸ்டாண்டு உப்புத் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும். துரு தொட்டியில் விழும். நம் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு அலமாரித் தட்டாக இருக்கும் கடப்பாக் கல்தான் எனக்குச் சரியாகப் பட்டது. இரண்டு பக்கமும் பின்பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, மேலே இரண்டு கடப்பாக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன்மேல் அரை அங்குல தெர்மாகோல் விரித்துத் தொட்டியை வைத்தோம். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. துரு என்ற கவலை அத்தோடு போனது.

பைப் வேலை முழுக்க பிவிசி. டேங்க் நிப்பிள், எல்போ, பால் வால்வு, யூனியன் எல்லாம் பிளாஸ்டிக்கிலேயே கிடைக்கும். பித்தளை வால்வு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பித்தளையில் செம்பு இருக்கிறது, இறால், நத்தை எல்லாம் துளி செம்புக்குக்கூடத் தாங்காது. மோட்டாருக்கு மேலேயும் இறங்கும் பைப்பிலும் யூனியன் போட்டுவிட்டால் பிறகு கழற்றிக் கழுவச் சுலபம்.

உப்புப் போடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் கரண்ட் கட் சோதனை செய்தேன். நம் ஊரில் இதைத் தவிர்க்கவே கூடாது. தொட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் நின்றால், மேலே இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் சம்ப்புக்கு இறங்கும். அதோடு மேலே ஏறும் பைப்பின் வாய் தண்ணீருக்குள் இருப்பதால், அதே பைப் வழியாகத் தண்ணீர் தலைகீழாக உறிஞ்சிக்கொண்டு கீழே வரும். சம்ப் கொள்ளாவிட்டால் கூடத்தில் உப்பு வெள்ளம். இதைத் தடுக்க அந்தப் பைப்பின் வாய்க்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே, 3 மில்லிமீட்டரில் ஒரு சின்ன ஓட்டை போட்டேன். சுவிட்சை அணைத்ததும் மேல் தொட்டி மட்டம் மெல்ல இறங்கியது. ஓட்டை வெளியே தெரிந்ததும் சர்ரென்று காற்றை உறிஞ்சியது, பைப்புக்குள் இருந்த தண்ணீர் அறுந்து விழுந்தது, அத்தோடு நின்றது. சம்ப்பில் தண்ணீர் விளிம்புக்கு நான்கு விரல் கீழே வந்து நின்ற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். அதற்குக் கீழே, ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்துக்கு இன்னொரு கோடு. ஓடும்போது இந்த இரண்டாவது கோட்டுக்கு மேல் சம்ப்பில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வைத்திருக்கிறேன். அந்த ஓட்டையில் பாசியும் உப்பும் அடைக்கும். வாராவாரம் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்தால் போதும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 1,100-க்கு மேல் காட்டுகிறது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீரை நம்பி எதையும் செய்ய முடியாது. குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷினும் உதவாது, சுவைக்காக அதில் தாது சேர்க்கும் கேட்ரிட்ஜ் இருக்கிறது, கொஞ்சம் தண்ணீரை மெம்பரேன் வழியாக விடாமலே கலந்துவிடும் திருகும் இருக்கிறது. நான் செய்தது, பழுது பார்க்கும் கடையில் செடிமென்ட், கார்பன் ஃபில்டர்கள், 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு 75 கேலன்) மெம்பரேன், பம்பு எல்லாம் தனித்தனியாக வாங்கி ஒரு பலகையில் பொருத்தி, கடைசியில் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும், நிறம் மாறும் டிஐ ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்ததுதான். மெம்பரேனைத் தாண்டியதும் 40 சொச்சம் காட்டும். ரெசினைத் தாண்டியதும் பூஜ்யம். மீட்டர் 1 காட்ட ஆரம்பித்தால் ரெசினை மாற்ற வேண்டியதுதான். கழிவாகப் போகும் தண்ணீர் மூன்று மடங்கு இருக்கும். இந்த ஊரில் அதைச் சாக்கடையில் விட மனசு வராது. டிரம்மில் பிடித்து வண்டி கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துகிறோம்.

உப்பு கலப்பது சுலபமான வேலை, ஆனால் வரிசை முக்கியம். டிரம்மில் முதலில் தண்ணீர், அதில் சின்ன மோட்டாரை ஓடவிட்டு, பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். லிட்டருக்கு 37, 38 கிராம் பிடித்தது. மொத்தத்துக்கும் ஆறரைக் கிலோ அளவில் போனது. ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டுத்தான் அளந்தேன். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 35-ல், அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்ற அளவில், நிற்க வேண்டும். அடர்த்திக் கணக்கில் அது 1.026. இந்தக் கருவியை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மட்டும் போதாது, 35-ல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தனித் திரவம் விற்கிறார்கள். துல்லியமான தராசு இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்: 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடை 963.5 கிராம் ரெசின் தண்ணீரில் கரைத்தால் ரிஃப்ராக்டோமீட்டருக்கு அது 35 உள்ள கடல் நீர் போலவே தெரியும்.

பாறை விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கடல்மீன் தொட்டி என்றால் 'லைவ் ராக்', அதாவது நுண்ணுயிர் குடியிருக்கும் பவளப்பாறைக் கல், போட வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் சொல்வார்கள். பாக்டீரியா குடியிருக்கப் பொந்து பொந்தான கல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டில் பவளப்பாறை, விசிறிப் பவளம், கடல்குதிரை எல்லாம் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. செத்த பவளக் கல்லை வைத்திருப்பதும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைகளை முன்பு சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் வெட்டியே எவ்வளவோ அழித்திருக்கிறோம். மீதி இருப்பதை என் கூடத்துக்கு அழகு சேர்க்க எடுத்து வர எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஒரு கடையில் "எல்லாரும் வச்சிருக்காங்க சார், ராமேஸ்வரம் கல்லு, கிலோ கணக்குல தர்றேன்" என்று மறைவாக எடுத்துக் காட்டினார்கள். அந்தக் கடையில் மணல்கூட வாங்கவில்லை. செராமிக்கில் செய்த செயற்கைப் பாறைத் துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றை எப்பாக்ஸி பசையால் ஒட்டி, நடுவில் இரண்டு குகையும் ஒரு பாலமும் வருகிற மாதிரி அடுக்கினேன். பாறையை முதலில் அடிக் கண்ணாடியில் உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் மணல். மணல்மேல் வைத்தால், தோண்டுகிற மீன் ஒன்று வந்தால் சரிந்துவிடும்.

இப்போது தொட்டியில் உப்புத் தண்ணீர் ஓடுகிறது, பாறை இருக்கிறது, உயிர் எதுவும் இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறும் வரை மீன் விடக் கூடாது. நன்னீரிலும் இதே விதிதான். ஆனால் கடல் நீரில் தப்பிக்க வழி குறைவு. பிஹெச் 7 உள்ள நன்னீரில் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவத்தில் இருக்கும், 8.2 பிஹெச்சில் ஏழெட்டு சதவீதம். டெஸ்ட் கிட்டில் அதே நிறம் காட்டினாலும் கடல்மீனுக்கு அது பல மடங்கு விஷம்.

பாக்டீரியாவுக்குத் தீனியாக அமோனியம் குளோரைடு போட்டேன். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம் அதுவேதான். ஆனால் அதன் சுத்தத்தை நம்ப முடியாது, ஆய்வுக்கூடத் தரத்தில் சின்ன டப்பா வாங்கிக்கொள்வது நல்லது. கல்லூரிகள் இவ்வளவு இருக்கிற ஊரில் அது கிடைப்பது கஷ்டமில்லை. கணக்கு இதுதான்: லிட்டருக்கு 1 மில்லிகிராம் அமோனியா வேண்டுமென்றால் 3.14 மில்லிகிராம் அமோனியம் குளோரைடு. 170 லிட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வர ஒரு கிராமுக்குச் சற்று மேல். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவும் ஒரு டோஸ் விட்டேன். முதல் ரெண்டு வாரம் கிட்டில் பச்சை நிறம் அசையவே இல்லை. பிறகு அமோனியா இறங்கி நைட்ரைட் ஊதாவாக ஏறியது. அது இறங்கத்தான் ரொம்ப நாள் எடுத்தது. எப்படியும் ஒரு மாதத்துக்கு மேல். கடைசியில் ராத்திரி அந்த 2 மில்லிகிராம் அளவு போட்டால், மறுநாள் ராத்திரிக்குள் அமோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் ஆனது. அப்போது ஏப்ரல் ஆரம்பம். கடைக்குப் போய் மீன் வாங்கி வந்திருக்கலாம்.

நான் வாங்கவில்லை. கத்திரி வெயில் முடியும் வரை மீனில்லாமலே ஓட்டினேன். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் யாராவது எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நம் ஊர்த் தொட்டிக்கு உண்மையான பரீட்சை அக்னி நட்சத்திரம்தான். அந்தப் பரீட்சையை உயிரோடு இருக்கும் மீனை வைத்து எழுத வேண்டியதில்லை. பாக்டீரியா பட்டினி கிடக்காமல் இருக்க அவ்வப்போது கொஞ்சம் அமோனியம் குளோரைடு போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். என் மகள் பாறைக் குகைக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தக் குகை யாருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தாள்.

மே மாத மதியம், ஃபேன் இல்லாமல் விட்டுப் பார்த்தபோது தண்ணீர் 33 டிகிரிக்குப் போனது. கடல்மீனுக்கு 25, 26 தான் சுகம். 28 வரை தாங்கும். சில்லர் வைத்தால் சுலபம். ஆனால் விலை தொட்டியையே தாண்டும், தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அதே கூடத்தில் கக்கும், கரண்ட் போனால் இன்வர்ட்டரில் ஓட்டுவதும் சிரமம். தண்ணீர்ப் பரப்பின்மேல் சாய்வாகக் காற்று அடிக்கிற மாதிரி 12 வோல்ட் ஃபேன் தொட்டிக்கு இரண்டு, சம்ப்புக்கு ஒன்று வைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், 170 லிட்டரை மூன்று டிகிரிக்கு மேல் குளிர வைக்கப் போதுமானது. வேலூரின் வறண்ட காற்று இங்கே நமக்குச் சாதகம். சென்னையின் புழுக்கத்தில் இதே ஃபேன் இந்த அளவுக்கு வேலை செய்யாது. ஜன்னல் வெயிலை மறைத்து, விளக்கு எரியும் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றியதும் 28-க்குள் நின்றது. விளக்கு சாதாரண எல்இடிதான். பவளம் வளர்க்காதபோது அதில் பணத்தைக் கொட்டத் தேவையில்லை.

இதற்கு விலை, ஒரு நாளைக்கு 4 லிட்டர் வரை ஆவியாகிப் போவது. தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே இருக்கும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் 35 இருந்தது 36-ஐத் தாண்டிவிடும். அதனால் குறைந்ததை ஈடுகட்ட ஊற்றுவது எப்போதும் உப்பில்லாத ரெசின் தண்ணீர். நாமே ஊற்றினால் மறந்துபோகும். சம்ப்பில் மட்டம் குறைந்ததும் பக்கத்துக் கேனிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் சென்சார் மோட்டார் ஒன்று வைத்தேன். சென்சார் கெட்டுப்போய் ஓடிக்கொண்டே இருந்தால்? கேனே 20 லிட்டர்தான். அது முழுதும் சம்ப்பில் இறங்கினாலும் வழியாத அளவுக்கு மட்டத்தை வைத்திருக்கிறேன்.

கரண்டுக்கு வீட்டு இன்வர்ட்டர். 150 ஏஎச் பேட்டரியில் மேலே ஏற்றும் டிசி மோட்டார், அலை மோட்டார், ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 50 வாட்டுக்குள் இழுக்கும். கூடத்து ஃபேனையும் டிவியையும் நிறுத்திவிட்டால் பகல் முழுக்கத் தாங்குகிறது. ஸ்கிம்மரை மட்டும் இன்வர்ட்டரில் கொடுக்கவில்லை, சில மணி நேரம் அது நின்றால் குடி முழுகாது. இன்வர்ட்டரே படுத்துவிட்டால் என்று பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றும் தனியாக இருக்கிறது. ஸ்கிம்மர் என்பது பொடிக் குமிழிகளை உண்டாக்கி, மீன் கழிவு அழுகி அமோனியா ஆவதற்கு முன்பே நுரையோடு வெளியே தள்ளும் கருவி. கோப்பையில் டிகாஷன் மாதிரி சேருவதைப் பார்த்தால் அது என்ன வேலை செய்கிறது என்று புரியும்.

இன்னொன்று, கொசு. லிக்விட், சுருள், மட்டைக்குப் பதில் அடிக்கும் ஸ்பிரே எல்லாவற்றிலும் இருக்கும் மருந்து மீனுக்கும் இறாலுக்கும் ஆகாது. ஸ்கிம்மர் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில்தான் கலக்கிறது. கூடத்தில் அவற்றை நிறுத்திவிட்டு ஜன்னல்களுக்கு வலை அடித்தோம். தொட்டிக்கும் மேலே சன்ன நைலான் வலை மூடி. கண்ணாடி மூடி போட்டால் ஆவியாவது நின்று சூடேறும். மூடாமல் விட்டால் சில மீன்கள் குதித்துவிடும்.

மீன் வாங்கப் போனது ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ரயிலில் குறைந்த பிறகு. காட்பாடியில் ஏறி, அரக்கோணத்தில் மாறி, லோக்கலில் வில்லிவாக்கத்தில் இறங்கினால் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம்தான். எனக்குப் பிடித்த மீன் மாண்டரின். அந்த நீலத்திலும் ஆரஞ்சிலும் இருக்கும் சுருள் கோடுகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அது பாறைமேல் ஊரும், கண்ணுக்கு எளிதில் தெரியாத பொடி உயிரினங்களை நாள் முழுக்கக் கொத்தித் தின்று வாழ்வது. புதுத் தொட்டியில் அது பட்டினியால் சாகும், கண் முன்னால் வயிறு ஒட்டிக்கொண்டே போகும். அதை விட்டுவிட்டேன். தேர்ந்தெடுத்தது ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளௌன் மீன் ஒரு ஜோடி, ஒரு ஃபயர்ஃபிஷ். க்ளௌன் மீனைக் கடலில் பிடிக்கத் தேவையே இல்லை. மண்டபத்தில் இருக்கும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலும் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்திலும் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை எப்போதோ கைவசப்படுத்திவிட்டார்கள். தொட்டியில் பிறந்த மீன் உலர் தீனி தின்னப் பழகியிருக்கும், கடலிலிருந்து ஒரு மீன் குறையாது. தொட்டியில் பிறந்ததுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த மீனாக இருந்தாலும் நம் கண் முன்னால் தீனி போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். தின்னாத மீனைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, கண் தெளிவாக இருக்கிறதா, தலைக்குப் பின்னால் சதை ஒட்டிப்போகாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தத் தொட்டியின் உப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டேன்; என் ரிஃப்ராக்டோமீட்டரிலும் பார்த்தேன். கடைகளில் செலவுக்காகவும் ஒட்டுண்ணிக்காகவும் உப்பைக் குறைத்து வைத்திருப்பது வழக்கம். அங்கே 28 இருந்தது. வீட்டுக்குப் போன் செய்து, புது மீனை முதலில் தனியாக வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியையும் 28-க்குக் குறைக்கச் சொல்லிவிட்டேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. பையில் மூன்று நான்கு மணி நேரம் மீன் மூச்சுவிடும்போது கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து பிஹெச் இறங்கும். அமோனியாவும் சேரும், ஆனால் பிஹெச் குறைவாக இருப்பதால் அது அவ்வளவாக விஷமில்லாத வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி பிஹெச் ஏறும். அந்த அமோனியா விஷமாகும். திறந்த பையில் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது மீனை அந்த விஷத்திலேயே ஊற வைப்பதாகும். பையை மூடியபடியே மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்தேன். உப்பு ஏற்கெனவே சமமாக இருந்ததால், திறந்த உடனே மீனை மட்டும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் எடுத்து உள்ளே விட்டேன். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் சேரவில்லை.

தனிமைத் தொட்டி இரண்டடி, மணல் கிடையாது, ஒளிந்துகொள்ளப் பிவிசி எல்போக்கள், சம்ப்பில் பல வாரம் ஊறவைத்திருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனைவிட்டு உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, வாரக்கணக்கில் இருந்துவிட்டு மறுபடி வெடித்து வரும். அது பெரிய தொட்டிக்குள் போய்விட்டால் செம்பு மருந்தும் போட முடியாது, பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும், இறால் சாகும். எனவே நாலு வாரத்துக்குக் குறையாமல் தனிமை. தினமும் டார்ச் அடித்துத் துடுப்புகளைப் பார்ப்பேன். உப்பை மெல்ல மெல்ல ஒரு வாரத்துக்கு மேல் எடுத்து 35-க்கு ஏற்றினேன். உப்பைக் குறைப்பதை மீன் சுலபமாகத் தாங்கும், ஏற்றுவதுதான் மெதுவாக இருக்க வேண்டும்.

ஃபயர்ஃபிஷ்ஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விரல் நீளம்தான். முன்பாதி வெள்ளை, பின்பாதி தணல் நிறம். முதுகில் ஊசி போல நீண்ட ஒரு துடுப்பு. நடுத் தண்ணீரில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு அதை மட்டும் டக் டக் என்று ஆட்டும். கதவு சத்தம் கேட்டால் எல்போவுக்குள் மறைந்துவிடும். முதல் சில நாள் தின்னவில்லை. ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் வகையின் முட்டையை உப்புத் தண்ணீரில் காற்று விட்டுப் பொரிக்க வைத்து, உயிரோடு துள்ளும் குஞ்சுகளைச் சொட்டுக் குழாயால் எல்போ வாசலில் விட்டேன். தலையை மட்டும் நீட்டி ஒன்றைக் கொத்தியது, உள்ளே போனது, மறுபடி நீட்டியது. அடுத்த வாரம் உறைந்த மைசிஸ் (இதுவும் பொடி இறால் மாதிரிதான்) தின்றது. கூச்சமுள்ள மீனுக்கு அமைதியான கூட்டாளிகள் வேண்டும் என்பதால் சண்டைக்கார டாம்சல் மீன் எதையும் சேர்க்கவில்லை. பெரிய தொட்டிக்கு முதலில் போனதும் இதுதான். க்ளௌன்கள் இடம் பிடித்துவிட்டால் அப்புறம் வருகிறவரை விரட்டும். இரண்டு வாரம் கழித்து அவற்றை விட்டேன். இரண்டில் பெரியது எதுவோ அது பெண்ணாகிவிடும், சின்னது ஆணாகவே நிற்கும். இப்போதே பெரியதன் முன்னால் சின்னது உடம்பை நடுக்கிக் காட்டிக் கீழ்ப்படிகிறது. மகள் பங்கு பிரித்த குகைகளில் ஒன்று மட்டும்தான் அவள் சொன்னபடி நடந்தது.

இப்போதைய வேலை இவ்வளவுதான்: தினமும் இரண்டு வேளை கொஞ்சமாகத் தீனி, உறைந்த தீனியை வலை வடிகட்டியில் கழுவிப் போடுவது, புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் சமமா என்று அளந்துவிட்டு வாரம் ஒருமுறை 15 லிட்டர் தண்ணீர் மாற்றுவது, ஃபில்டர் பஞ்சை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுவது. அமோனியா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 10-ஐ ஒட்டி நிற்கிறது. கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்தது. புதுத் தொட்டிக்கு அது வருவதுதான், தானாகவே குறைந்துகொண்டிருக்கிறது. மொத்தச் செலவில் மீனுக்குப் போனது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மிச்சமெல்லாம் தண்ணீருக்கும் அதை நிலையாக வைப்பதற்கும்தான் போனது. அது அப்படித்தான் போக வேண்டும். கார்த்திகைக்கு மேல் நம் ஊரில் ராத்திரி 20-க்குக் கீழே இறங்கும் என்பதால் 100 வாட் ஹீட்டர் ஒன்றை வாளியில் போட்டு, தெர்மாஸ்டாட் சரியாக அணைகிறதா என்று சோதித்துக்கொண்டிருக்கிறேன். அது ஒழுங்காக இருந்தால் பொங்கலுக்குப் பிறகு ஒரு க்ளீனர் இறால் வாங்கலாம் என்று இருக்கிறேன்.